கிரகப்பிரவேச சிடி

கோபிசெட்டிபாளையத்தில் என் பணத்தில் எனக்காக வீடு கட்டிக்கொண்டிருந்த தம்பி நெடுஞ்செழியன், “அமெரிக்கால இன்னும் வீடு வாங்கலீங்களாண்ணா?” என்று போனில் மானத்தை வாங்கினான்.

டெக்ஸாஸில் கேட்டி என்ற ஊரில் எங்களுக்கு வாடகை அபார்ட்மென்ட்தான். வீடு கட்டும் வீடியோ கேமில் நீச்சல் குளத்தோடு மாளிகை ஒன்று கட்டினேன். அதை ரெக்கார்ட் பண்ணி, ஓரத்தில் தெரிந்த ஸ்கோரை வெட்டி, நாதஸ்வரம் சேர்த்து, ‘நம்ம புது வீடு’ என்று சிடி அனுப்பினேன். என் முதல் எடிட்டிங்!

“மாட்டிக்குவீங்க பாருங்க” என்றாள் மனைவி வசந்தாமணி.

“கோபில யாருக்கு இந்த கேமெல்லாம் தெரியும்?”

அடுத்த மாதம் தம்பியின் சிடி வந்தது.

“உங்க வீட்டு வேலை முடிஞ்சுதுங்கண்ணா!” என்றது அவன் குரல். மூன்று மாடி, நீச்சல் குளம், நாதஸ்வரம். வசந்தாமணி கைதட்டினாள்.

பாவி, ஓரத்தில் ஸ்கோரை வெட்ட மறந்திருந்தான். என்னுடையதைவிட நாலாயிரம் அதிகம்.