இடது நிலைக்கால்

யாரும் சொல்லவில்லை. அவளாகவே பின்னுக்குப் போனாள்.

கதவு நிலையை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சிவந்த மரம். இழைத்த வாசனை இன்னும் போகவில்லை. மலாவியில் ஒரு மேட்டு ஊர். அங்கே எழும்பிக்கொண்டிருந்த பள்ளிக்கூடத்துக்கு அதுதான் முதல் வாசல்.

அவள் சமையல் கூடாரத்தை ஒட்டி நின்றுகொண்டாள். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

திருநெல்வேலிப் பக்கத்துச் சபையிலிருந்து பள்ளிக்கூடம் கட்ட வந்த கூட்டத்தில் அவளுக்குச் சமையல் பொறுப்பு. ஊழியத்துக்கென்று வந்தவர்களுக்கும் மூன்றாம் நாளே ரசம் வேண்டியிருந்தது. புளியையும் மிளகையும் பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தாள். உள்ளூர் வேலையாட்கள் ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்துக் கண் கலங்கினார்கள். மறுநாளும் வந்து டம்ளரை நீட்டினார்கள்.

சோறு அவள் கையால். அதில் யாருக்கும் ஆட்சேபணை கிடையாது.

நிலை வேறு.

ஊரில் கிறிஸ்தவ வீடுகளில் நிலை வைக்கும்போது மஞ்சள் இல்லை, குங்குமம் இல்லை. ஐயர் வருவார். சபைப் போதகரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். வேதம் வாசிப்பார், ஜெபம் பண்ணுவார். அவ்வளவுதான். ஆனால் நிலையைத் தொடுகிற பெண்கள் புருஷன் உயிரோடிருக்கிற கட்டுக்கழுத்திகளாக இருக்க வேண்டும். இது எந்த வேதத்திலும் எழுதியில்லை. ஆனாலும் எல்லோருக்கும் மனப்பாடம்.

அவளுடைய கழுத்து நாலு வருஷமாக வெறுமையாக இருந்தது.

பாளையங்கோட்டையில் மகள் எப்சி வீடு கட்டினாள். நிலை வைத்த அன்று அதிகாலையிலேயே போய், வந்தவர்களுக்கெல்லாம் கேசரி கிண்டியது அவள்தான். ஐயர் வந்து இறங்கியதும் எப்சி அருகே வந்தாள்.

“அம்மா, வெயிலா இருக்கு. நீங்க உள்ள போயி உக்காருங்க.”

சுவரே எழும்பாத வீடு. உள்ளே என்பது எங்கே இருக்கிறது?

சிமெண்டு மூட்டை அடுக்கிய கொட்டகைக்குள் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்தும் ஜெபம் நன்றாகவே கேட்டது.

இந்தப் பயணத்துக்கு அவள் பெயரைக் கொடுத்ததும் எப்சிதான். அதற்கப்புறம்தான் வீட்டுப் பிரதிஷ்டைக்கு, புது வீட்டில் ஜெபம் பண்ணிக் குடிபோவதற்கு, தேதி குறித்தார்கள்.

அது இன்றைக்கு விழுந்தது.

வேண்டுமென்று செய்திருக்க மாட்டாள். விமானத்தில் வரும்போது வழி முழுக்க இதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

நிலையை அடித்தளத்தின் மேல் நிறுத்தினார்கள். ஊர்த் தலைவி ஃபலேஸி சுற்றுமுற்றும் பார்த்தாள். உள்ளூர்ப் போதகரிடம் ஏதோ கேட்டாள். அவர் அதை ஆங்கிலத்தில் சொன்னார்.

வலது நிலைக்காலைச் செங்கல் சுட்ட பெண்கள் பிடித்துக்கொள்வார்கள். இடது நிலைக்காலை, இத்தனை நாள் எல்லோருக்கும் சோறு போட்ட அம்மா பிடிக்க வேண்டும். அவர் எங்கே?

சபைக் கூட்டம் சமையல் கூடாரத்துப் பக்கம் திரும்பியது.

ஐயரம்மா, அதாவது ஊரிலிருந்து கூட வந்திருந்த சபைப் போதகரின் மனைவி, ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். போன ஞாயிற்றுக்கிழமைதான் இதே பெண்களை உட்காரவைத்து, ஆண்டவருக்கு முன்னால் எல்லோரும் சமம் என்று பாடம் நடத்தியிருந்தார். எடுத்த வாயை மூடிக்கொண்டார்.

அவளுக்குப் பயமாக இருந்தது. பொய் சொல்வானேன். நாளைக்கு இந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆனால்?

வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கை நிறைய மாவு என்று காட்டினாள்.

ஃபலேஸி நேரே வந்தாள். மாவோடு சேர்த்து மணிக்கட்டைப் பிடித்தாள். முரண்டு பிடிக்கிற ஆட்டை இழுப்பதுபோல இழுத்துக்கொண்டு போனாள். கையை மரத்தின் மேல் வைத்து அழுத்திவிட்டு வலது பக்கம் போய் நின்றுகொண்டாள்.

மரம் வெயிலில் சூடேறியிருந்தது.

வேறொன்றும் ஆகவில்லை.

கொத்தனார் தூக்குக்குண்டை இறக்கிப் பார்த்தார். இம்மி இந்தப் பக்கம். இம்மி அந்தப் பக்கம். பிறகு உள்ளங்கையை விரித்துக் காட்டினார். முட்டுக் கொடுத்து முடிக்கும்வரை யாரும் அசையக் கூடாது.

கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டாள்.

உள்ளூர்ப் போதகர் தன் மொழியில் ஜெபித்தார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். அவள் மூடவில்லை. நிலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் வழியாக எதிர்ப்பக்கத்துச் சோளக்காடு தெரிந்தது.

சந்தோஷமாக இருந்தது. கூடவே கோபமும் வந்தது. கொட்டகையில் உட்கார்ந்திருந்த அன்று வந்திருக்க வேண்டிய கோபம். இவ்வளவு தூரம் கடல் தாண்டி இப்போதுதான் வந்து சேர்ந்தது.

ஆமென் சொல்லி முடிக்கவும் கூடாரத்துக்குள் போன் அடித்தது.

ஐயரம்மா போய் எடுத்துக்கொண்டு வந்தார். ஊரில் பந்தி நடக்கிற நேரம்.

“அக்கா, எப்சி வீடியோல கூப்பிடுதா. பிரதிஷ்டை முடிஞ்சிருக்கும்போல.”

கொத்தனார் முதல் முட்டுக்கு ஆணி அடிக்க ஆரம்பித்திருந்தார். மரம் கைக்குள் அதிர்ந்தது. அவள் பிடியை இறுக்கிக்கொண்டாள்.

“நீங்களே எடுத்துச் சொல்லுங்க ஐயரம்மா. அம்மா நிலையப் புடிச்சுக்கிட்டு நிக்கா, இப்ப கைய எடுக்க முடியாதுன்னு.”

ஐயரம்மா அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் நிலையைப் பார்த்தார்.

போன் அவர் கையில் அடித்துக்கொண்டே இருந்தது.