அயல்வீட்டுக் குழாய்

அயலவர் உதயரூபன் புது வீட்டுக் கக்கூசுக்கு இறக்கிய குழாயைக் கண்டதும் அழகரத்தினத்தாருக்கு எரிந்த வயிற்றெரிச்சலில் தன்னாமுனை வாவித் தண்ணீரே கொதித்திருக்கும். யானைத் தந்தம்போல வெள்ளை. லொறி ஏறினாலும் உடையாத தடிப்பு!

"நம்மட குழாய் இதுக்கு முன்னால பப்பாசித் தண்டு," என்று மனைவி சீதேவிப்பிள்ளையிடம் பொருமினார்.

"அவங்கட குழாய் எப்படி இரிந்தா உங்களுக்கென்ன?"

கேட்பாரா? வேலிக்கு மேலால் எட்டினார்.

"தம்பி, கக்கூசுக் குழிக்குப் போற குழாய்க்குச் சரிவு வைக்காதீங்க. தண்ணி முந்தி ஓடிரும், மற்றது தங்கிரும். மட்டமாப் போடுங்க."

"நீர்ப்பாசனக் கந்தோரில வேலை பார்த்த ஆள் சொன்னாச் சரிதான் அண்ணன்." உதயரூபன் அப்படியே போட்டு மண்ணையும் மூடிவிட்டார்.

குடிபுகுந்த வாரமே அடைத்து ஊரே நாறப்போகிற மகிழ்ச்சியில் அழகரத்தினத்தார் அன்று இரண்டு தேத்தண்ணி குடித்தார்.

மறுநாள் உதயரூபன் வெற்றிலைத் தட்டோடு வந்து நின்றார்.

"அண்ணன், புது வீடு என்ட மகளுக்குச் சீதனம். உங்கட மகனை மாப்பிள்ளையாக் கேட்டு வந்திரிக்கன். பிள்ளைகள் ரெண்டு பேருக்கும் விருப்பமாம். கலியாணம் முடிஞ்சா மகன் அங்கதானே இரிக்கப்போறார்?"

அழகரத்தினத்தார் தட்டை வாங்கி மனைவியின் கையில் திணித்துவிட்டு, மண்வெட்டியோடு வேலியைத் தாண்டினார்.

"என்னண்ணன் செய்யிறீங்க?"

"குழாயைக் கிளப்புங்க! சரிவு வைக்கவேணும்!"

"நேத்து மட்டமாப் போடச் சொன்னீங்களே?"

"நேத்து நான் அயலவன். இண்டைக்குச் சம்பந்தி!"