நடுங்கிய சுக்கான்

ஜெனோவா செய்த பொம்மைப் படகில் ஒரு மோட்டாரும் ஒரு சுக்கானும் குடியிருந்தன. கரையில் நின்று அவள் ரிமோட்டில் சொல்வதைக் கேட்டுச் சுக்கான் திரும்பும், மோட்டார் தள்ளும். மோட்டாருக்கு ஒரே கவலைதான். படகு கிளம்பினாலே சுக்கானுக்கு உடம்பெல்லாம் உதறியது.

"பயப்படாதே தம்பி, அண்ணன் இருக்கேன்ல!" என்று மோட்டார் இன்னும் வேகமாகச் சுழன்று தைரியம் சொல்லும். சொல்லச் சொல்ல உதறல் கூடியதே தவிரக் குறையவில்லை. ஒருநாள் சுக்கான் கண்டபடி திரும்ப, படகு குளத்துப் படிக்கட்டில் மோதி மூக்கு உடைந்தது.

"பாவம், பிறவிக் கோழை. அந்தப் பயலைக் கொஞ்சம் கவனிங்கக்கா," என்று மோட்டார் மனம் நொந்தது.

ஜெனோவா படகைத் திறந்தாள். சுக்கானைத் தொடவே இல்லை. மோட்டாரின் இரண்டு முனைகளுக்கும் நடுவே மிளகளவு கெப்பாசிட்டர் ஒன்றை ஈயத்தால் பற்றவைத்தாள்.

மோட்டாருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நடுங்குறது அவன். வைத்தியம் எனக்கா?"

"நீங்க சுத்தும்போது உள்ளே பொறி பறக்குதுண்ணே," என்றது கெப்பாசிட்டர். "அக்கா ரிமோட்டிலிருந்து ரேடியோ அலையில் சொல்றது மேல அந்த இரைச்சல் போய் விழுது. இனிமே அதை நான் முழுங்கிக்கிறேன்."

படகைத் திரும்பத் தண்ணீரில் விட்டாள். சுக்கான் துளி உதறல் இல்லாமல் சொன்ன பக்கம் திரும்பியது. வழக்கம்போலத் தைரியம் சொல்ல வாயெடுத்த மோட்டார், அடக்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டது: "பயம் போச்சாடா?"

"எனக்கு எப்பண்ணே பயம் இருந்துச்சு?" என்றது சுக்கான். "அக்கா சொல்றதுதான் கேக்காம இருந்துச்சு."