வேலைக்குப் போகும் மகள்

"பயப்படாதம்மா. முகாம் தண்ணியைக் குடிச்ச பிள்ளைங்க எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனை எடுக்கணும்," என்றார் போனில், ராணுவ முகாமின் நச்சு கலந்த குடிநீரால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்காக வழக்கு நடத்தும் ஓய்வுபெற்ற படைவீரர்.

"ஏதாவது இருந்துட்டா என்னங்கய்யா பண்றது?" என்றாள் மறுமுனையில் ஒரு சிப்பாயின் மனைவி.

"சீக்கிரம் தெரிஞ்சா வைத்தியம் பண்ணிடலாம்."

"உங்க பொண்ணும் அங்கதானே வளர்ந்தா? இப்ப எப்படியிருக்கா?"



"அவளுக்கென்ன, வேலைக்குப் போறா. வீட்டுக்கு வந்தா என்னை அதட்டுவா. ஊசியைப் பார்த்தா மட்டும் ஊரையே கூட்டுவா!"

மறுமுனையில் சிரிப்பு. "சரிங்கய்யா, இன்னைக்கே குழந்தையைக் கூட்டிட்டுப் போறேன்."

போனை வைத்ததும், காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிராமல் கேட்டாள்.

"போன வாரம் காலேஜ்ல இருந்தா. அதுக்குள்ள வேலையா?"

"நல்லாப் படிக்கிற பொண்ணாச்சே."

"ஏழு வயசுல அந்தத் தண்ணிக்குப் பறிகொடுத்தவளை இப்படி வளர்த்துக்கிட்டே போறீங்க. உண்மை தெரிஞ்சா போன்ல பேசின அந்தப் பொண்ணு உங்களைச் சும்மா விடுவாளா?"

"பரிசோதனை முடியட்டும். நானே நேர்ல போய்ச் சொல்லித் திட்டு வாங்கிக்கிறேன்."

 மனைவி கத்தியை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எந்த ஆபீஸ்ல சேர்த்தீங்க? என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"