பாலமூட்டு ஏற்றம்

"நீரு எந்த வழியா ஓய் வந்தீரு? அவ பொறப்பட்டுப் போயாச்சே" என்றார் ஊருக்குப் புதுசாக வந்த நர்சின் புருஷன் ஜஸ்டஸ், தையல் மெஷினை நிறுத்திவிட்டு.

சைக்கிளைச் சுவரில் சாய்க்கப் போன சுயம்புலிங்கம் அப்படியே நின்றான். "போயாச்சா? யாரு கூட?"

"உமக்க மச்சினன் வைகுண்டராஜன் வந்தான். அக்காளுக்கு நோவு முத்திட்டு, அத்தானை அனுப்பி எவ்வளவோ நேரமாச்சுன்னு சொல்லி, சைக்கிள்ல ஏத்திட்டுப் போனான். பாலமூட்டு வழியாத்தான். இந்நேரம் உமக்க வீட்டுல இருப்பா."

சுயம்புலிங்கத்துக்கு உயிர் வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. வீட்டில் பொண்டாட்டி செல்லத்தாய் பேறுகால நோவில் துடித்துக் கிடக்கிறாள், இவன் ஆற்றங்கரையோடு ஊரைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறான். பாலமூட்டு ஏற்றம் வழியாக வந்திருந்தால் பாதி நேரம் போதும். ஏன் வரவில்லை என்று கேட்டால், அந்தச் சரல் ரோட்டில் டயர் கிழிந்துவிடும் என்பான். இவன் பயந்தது சரலுக்கு இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

பாலமூட்டில் எந்தக் காலத்திலோ ஒரு பிள்ளைத்தாய்ச்சி விழுந்து செத்தாளாம். இசக்கியாகி, கைப்பிள்ளையோடு அந்தப் பாலை மரத்தடியில் நிற்கிறாளாம். பேர் சொல்லிக் கூப்பிடுவாள், சுண்ணாம்பு கேட்பாள், கூட வருகிறேன் என்பாள். கூட்டிப்போனால் வீட்டில் பிறக்கிற பிள்ளை தங்காது. போன வருஷம் மருத்துவச்சி வந்து சேர்வதற்குள் செல்லத்தாயின் தலைப்பிள்ளை போனபோதும் ஊர் இசக்கியைத்தான் சொன்னது.

"மம்மலாவுது, இருட்டப் போவுது. நீரும் அந்த வழியே போம்" என்றார் ஜஸ்டஸ்.

இந்தப் பிள்ளையாவது தங்கட்டும் ஐயா என்று வேண்டிக்கொண்டு சுயம்புலிங்கம் சரல் ரோட்டில் சைக்கிளைத் திருப்பினான்.

மகாராஜா போய் மந்திரிகள் வந்த பிறகும் தாரைக் கண்ணால் பார்க்காத ரோடு அது. ஏறும், இறங்கும், மூச்சு விடுவதற்குள் மறுபடி ஏறும். முதல் ஏற்றத்தை எழுந்து நின்று மிதித்தான். அடுத்ததில் சரல் சறுக்க, இறங்கி உருட்டினான். மரச்சீனிக் கிழங்கு விளைகளில் ஆளரவமே இல்லை. பின்னால் யாரோ நடந்து வருகிற மாதிரி சத்தம் கேட்டது. நின்றான், அதுவும் நின்றது. நடந்தான், அதுவும் நடந்தது. மட்கார்டில் சரல் தெறிக்கிற சத்தம்தான் என்று தெரிந்த பிறகும் அவனுக்கு வியர்வை அடங்கவில்லை.

பாலமூட்டு உச்சிக்கு வரும்போது காற்று வீசி சைக்கிளின் எண்ணெய் விளக்கு அணைந்துபோனது.

"அண்ணாச்சி, சுயம்புலிங்கம் நீங்கதானே?"

பாலை மரத்தடியில் ஒரு பெண் நின்றாள். வெள்ளைச் சேலை, அவிழ்ந்து கிடந்த தலைமுடி, முழங்கால் பக்கம் ரத்தக் கறை. நெஞ்சோடு எதையோ, கைப்பிள்ளையை அணைக்கிற மாதிரி, கட்டிப் பிடித்திருந்தாள்.

அவன் சைக்கிளைக் குறுக்கே பிடித்துக்கொண்டான்.

"உங்களைத்தான் காத்து நிக்கேன். என்னை உங்க வீட்டுக்குக் கொண்டு போங்க."

"எ... எதுக்கு?"

"எதுக்கா? உங்க பிள்ளைக்காகத்தான். அதுக்கு முன்ன கொஞ்சம் சுண்ணாம்பு தாங்க."

மற்ற எதை மறந்தாலும் இதை அந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். சுண்ணாம்பைக் கையால் கொடுக்கக் கூடாது. கத்தி முனையில் வைத்து நீட்ட வேண்டும். மனுஷியானால் வாங்கிக்கொள்வாள். மற்றதானால் இரும்பைக் கண்டு பின்வாங்கும்.

சுயம்புலிங்கம் மடியிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து விரித்தான். வெற்றிலை டப்பியிலிருந்து சுண்ணாம்பைத் தோண்டி, முனையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

அவள் பின்வாங்கினாள். ஒரு காலை இழுத்து இழுத்து, மரத்தில் முதுகு முட்டுகிற வரைக்கும் பின்வாங்கினாள்.

அவ்வளவுதான். தாவி ஏறி, மறுபக்கத்து இறக்கத்தில் சைக்கிளை விட்டான். பிரேக்கைத் தொடவேயில்லை. சரலில் சக்கரம் துள்ளியது. பின்னாலிருந்து குரல் துரத்தி வந்தது: "நான் வராட்டா அந்தப் பிள்ளை தங்காது, அண்ணாச்சி..."

"எனக்க பிள்ளையை நீ தொட முடியாதுட்டி" என்று திரும்பிப் பார்க்காமலேயே சொன்னான். சொன்ன பிறகு அவனுக்கே தன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. போன தடவை கோட்டை விட்டதை இந்தத் தடவை காப்பாற்றிவிட்டான்.

வீட்டு முற்றத்தில் மணியடித்து இறங்கியதும் வைகுண்டராஜன் ஓடி வந்தான். வந்தவன் காலி கேரியரைப் பார்த்தான். இருட்டிய ரோட்டைப் பார்த்தான்.

"ஏலே மக்கா, பாலமூட்டுல அவ வந்து மறிச்சா. கத்தியைக் காட்டினேன், மரத்தோட ஒட்டிட்டா. இனி பயமில்ல. நர்சம்மா உள்ளதானே இருக்கா?"

வைகுண்டராஜன் காலி கேரியரைப் பிடித்துக்கொண்டான்.

"அங்க வச்சு டயர் வெடிச்சு ரெண்டு பேரும் விழுந்துட்டோம், அத்தான். நர்சம்மாவுக்குக் கால் பிசகிட்டு. அத்தான் உங்க வீட்டுக்குப் போயிட்டு இந்த வழியே இப்ப வருவாரு, வெத்தில போடுத ஆளு, சுண்ணாம்பு வாங்கிக் கால்ல பூசிட்டு அவருக்க சைக்கிள்ல வாங்கன்னு சொல்லி, மருந்துப் பையோட அவளை அந்த மரத்தடியில நிறுத்திட்டு, நான் சைக்கிளை உருட்டிட்டு முன்ன ஓடி வந்தேன்..."

"மணிச் சத்தம் கேட்டுதே" என்று உள்ளேயிருந்து செல்லத்தாய் முனகினாள். "நர்சம்மா வந்தாச்சா?"