தோள் உயரத் தட்டி

"அம்மா, அந்த மாடி வீட்டு ஜன்னலை மட்டும் ஏன் திறக்கவே மாட்டேங்கறாங்க? அவங்களுக்குக் காத்து வேணாமா?"

சிறுமியாக இருந்தபோது மதிவதனி ஒரு நாள் இப்படிக் கேட்டாள். "கண்ணை மூடு" என்றாள் அம்மா.

இப்போது அதே கேள்வியை அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தான் கணவன் தமிழ்மாறன்.

"உனக்குக் காத்து வேணாமா மதி? நன்னிலத்துல வயலைப் பாத்து வளந்தவன் நான். இந்தப் பால்கனிக்காகத்தானே மூணாவது மாடியா பாத்து வாங்கினோம். இதுல போயி தட்டி கட்டணுங்கற."

தஞ்சாவூர் முடிகிற இடத்தில் புது அடுக்குமாடி. ஹாலின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கதவு. தள்ளினால் பால்கனி, அதன் தடுப்பும் கண்ணாடி. நேர் கீழே நாலைந்து கூரை வீடுகள். அவற்றைத் தாண்டி வாய்க்கால், வாய்க்காலுக்கு அப்பால் சம்பா நடவு முடிந்த வயல்.

வெள்ளிக்கிழமை காலையில் பால் காய்ச்சிக் குடிவருகிறார்கள். வருகிற உறவு அத்தனையும் அந்தப் பால்கனியில்தான் வந்து நிற்கும். அதற்குள் அதை மறைத்தாக வேண்டும் என்று மதிவதனி ஒற்றைக் காலில் நின்றாள்.

திரைச்சீலைக் கடை நடத்தும் ஆசியா, அளவெடுக்க டேப்போடு வந்திருந்தாள். துணி மாதிரிகளைத் தரையில் விரித்தாள்.

"கதவுக்கு உள்பக்கமா மெல்லிசா ஒரு ஸ்கிரீன் போட்டுக்குங்க சார். வெளிச்சமும் வரும், வயலும் தெரியும்."

"நல்லா சொல்லுங்கம்மா, அவ காதுல விழட்டும்" என்றான் தமிழ்மாறன்.

"உள்ள எது வேணா போடுங்க. பால்கனிக்குக் கெட்டியா மூங்கில் தட்டி வேணும்" என்றாள் மதிவதனி. "துளி இடுக்கு இருக்கக் கூடாது."

"யாருக்குப் பயந்து மறைக்கற? எதிர்ல ஒரு மாடிகூட இல்லையே."

மதிவதனி துணி மாதிரிகளின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும். உன் பேங்க் ஆளுங்க வர்றப்ப கீழ கீத்துக் கொட்டாய் தெரியக் கூடாது. அதானே? நாம எங்கேருந்து வந்தோம்னு மறந்துபோச்சா?"

அந்தச் சொல் நேராக நெஞ்சில் தைத்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் அடங்கிவிடுவான். ஆனால் சொல்லிவிட்டால், எத்தனை நல்லவன் என்றாலும், அடுத்த முறை அவன் கண் தானாக அங்கேதான் போகும். கௌரவம் பார்க்கிறவள் என்ற பேர் தன்னோடு இருந்துவிட்டுப் போகட்டும் என்று குனிந்து துணிகளைப் புரட்டினாள்.

ஆசியா அளவெடுக்கப் பால்கனிக்குப் போனாள். தடுப்பருகே நின்று கீழே ஒரு தடவை பார்த்தாள். சட்டென்று திரும்பிக்கொண்டாள். மிச்ச அளவையெல்லாம் வெளியே முதுகைக் காட்டியபடியே எடுத்தாள்.

"சார், அக்கா சொல்றதுதான் சரி" என்றாள் உள்ளே வந்து. "மேலேருந்து தொங்கவிட்டாத்தானே வயல் மறையும்? தரையிலேருந்து தோள் உயரத்துக்கு ஏத்திக் கட்டிடலாம். வாய்க்காலுக்கு அந்தாண்ட மொத்தமும் உங்களுக்குத்தான்."

தமிழ்மாறன் பால்கனிக்குப் போய், தோளுக்கு நேரே கையை வைத்துப் பார்த்தான். வயல் கொஞ்சமும் குறையவில்லை.

"உக்காந்து காப்பி குடிக்கணுமே?"

"உசரமா ஒரு ஸ்டூல் வாங்கிக்குங்க."

"அதையும் நீங்கதான் விக்கிறீங்களா?"

"எங்க வீட்டுக்காரர் விக்கிறாரு சார்."

அவன் சிரித்துவிட்டான். மதிவதனிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

லிஃப்ட் வரை வழியனுப்பப் போனவளின் கையை ஆசியா ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டாள். "வியாழக்கிழமையே கட்டிடறோம்க்கா" என்றாள்.

சொன்னபடி கட்டியாயிற்று. வெள்ளிக்கிழமை விடிந்தது. தமிழ்மாறன் பால் வாங்கப் போயிருந்தான். உறவுக்காரர்கள் வர இன்னும் நேரம் இருந்தது. சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு மதிவதனி பால்கனிக்கு வந்தாள். தட்டிக்கு மேலே பச்சை வயல். கீழே எதுவும் தெரியவில்லை. செம்பில் தண்ணீர் மொள்ளும் சத்தமும், ஒரு தாயின் குரலும் மட்டும் ஏறி வந்தன.

"கண்ணை மூடுடி, சீயக்கா எரியப் போவுது."

வெள்ளிக்கிழமை, பெண்பிள்ளைகள் தலைமுழுகும் நாள். கீழே இருந்தது நாலு பக்கமும் கீற்று வைத்து, மேலே கூரையில்லாத குளியல் மறைப்பு. மதிவதனியும் சிறுமியாக அப்படி ஒரு மறைப்புக்குள் உட்கார்ந்துதான், அம்மா தலையில் தண்ணீர் ஊற்றும்போது, அண்ணாந்து அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

கீழே குளிப்பவர்களை எண்ணிக் கடைசிவரை திறக்காத அந்த மாடி ஜன்னலுக்குப் பின்னால் இருந்தது யாரென்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. மூலையில் லேசாக விலகியிருந்த தட்டியை இழுத்து, இடுக்கில்லாமல் இறுக்கிக் கட்டிவிட்டு உள்ளே போனாள்.