எட்டு ஃபிட்டிங், ஒரு வால்வு

“ரேடியேட்டர் செம்பா, அலுமினியமான்னு அவர் பார்த்தாரான்னு கேளுங்க” என்றார் மச்சான், கம்ப்யூட்டர் கடைக்காரரிடம்.

‘அவர்’ என்றது என்னை. நான் அரை அடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தேன்.

கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். “பார்த்தீங்களா சார்?”

“செம்புதான் வேணும்னு சொல்லுங்க” என்றேன், நானும் கடைக்காரரிடமே.

என் மனைவியின் அண்ணன் என்னோடு நேராகப் பேசி மூன்று வருடம் ஆகிறது.

அவர் பெயரெடுத்த பிளம்பர். நாங்கள் புது வீடு கட்டியபோது, சொந்தக்காரரிடம் எப்படி வேலை வாங்குவது, குறை இருந்தால் எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டு, வேறு ஆளை வைத்துக் குழாய் போட்டுவிட்டேன். நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன். அவர் அதை ஊர் நடுவில் வாங்கிய அறை மாதிரி எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகும் தங்கையைப் பார்க்க வருவார். ஆனால் எங்கள் வீட்டுக் குழாயில் கைகூடக் கழுவ மாட்டார். ஒரு நீல பாட்டிலில் தன் வீட்டுத் தண்ணீரைக் கொண்டுவருவார். என் கண்ணில் படும்படி அதை மேஜையில் வைத்து, என் கண்ணில் படும்படியே குடிப்பார்.

நான் கட்டடங்களுக்குக் கம்ப்யூட்டரில் படம் போட்டுப் பிழைப்பவன். படம் பெரியதாக இருந்தால் மெஷின் கொதித்து, விசிறி அலறி, பாதியில் அணைந்துவிடும். மெஷினுக்குள்ளே டியூப் இழுத்துத் தண்ணீரைச் சுற்றவிட்டால் சூடு தணியும் என்றார்கள்.

பம்ப், சின்ன டேங்க், சூட்டை வெளியேற்ற ரேடியேட்டர், டியூப், அதை இணைக்க ஃபிட்டிங். யோசித்துப் பார்த்தால் சுத்தமான பிளம்பிங் வேலை.

இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று நானும் மனைவியும் முடிவுசெய்தோம். அவள் போன் போட்டாள். “அவருக்கு ஒண்ணும் தெரியாதுண்ணா. கண்டதையும் தலையில கட்டிடுவாங்க. கொஞ்சம் கூடப் போயிட்டு வாயேன்.”

வந்துவிட்டார்.

வந்தவர் கடையையே இறக்கிவைத்துவிட்டார். ஃபிட்டிங்குகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தார். டியூபின் ஒரு முனையை விரலால் அடைத்து, மறுமுனையில் வாய் வைத்து ஊதினார். பம்பைக் காதருகே வைத்து ஆட்டினார். கால் மணி நேரமாக மேஜையில் பெட்டிகள் ஏறிக்கொண்டே போயின.

நான் கண்ணாடி மாதிரி பளபளத்த கெட்டிக் குழாயைத் தொட்டேன்.

“அதைச் சூடு பண்ணி வளைக்கணும். வளைக்கத் தெரியுமான்னு கேளுங்க” என்றார் மச்சான்.

“தெரியாதுன்னு சொல்லுங்க.”

“முதல் தடவைதானே, வளையுற டியூபே போதும்னு சொல்லுங்க. அழகு பார்த்தா ஒழுகும்னும் சொல்லுங்க.”

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சார், நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே வந்தீங்க?”

நான் ஒரு பெட்டியை எடுத்து விலையைப் படித்தேன்.

மச்சானின் மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது. சிரிப்பாக இருக்குமோ? இன்னும் பத்து நிமிடம் போனால் நேராகவே பேசிவிடுவார் என்று எனக்கு நம்பிக்கை வந்தது. அவசரமாக அடுத்த சந்தேகத்தைத் தேடினேன்.

“ஃபிட்டிங் எத்தனை வேணும்னு கேளுங்க.”

மச்சான் வாயைத் திறந்தார்.

அதற்குள் கடையின் உள்பக்கக் கதவு திறந்தது. கடைக்காரரின் மனைவி சாப்பிட்ட கையைத் துண்டில் துடைத்தபடி வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“அட, நீங்களா சார்! போன வாரம்தானே என்கிட்ட இதே செட்டை முழுசா வாங்கிட்டுப் போனீங்க? என்ன ஆச்சு, லீக்கா?”

அவர் சாப்பிடப் போகும் நேரமாகப் பார்த்து மச்சானை அழைத்துவந்தவன் நான். இவ்வளவு சீக்கிரம் சாப்பிட்டு முடிப்பார் என்று யார் கண்டது?

எனக்குக் காதுமடல் கொதித்தது. எந்த ரேடியேட்டராலும் தணிக்க முடியாத கொதிப்பு.

மச்சான் கையிலிருந்த டியூபை மேஜையில் வைத்தார். திரும்பினார். மூன்று வருடத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

“பரண்ல, பழைய சூட்கேஸுக்குப் பின்னால இருக்கு. பிரிக்கவே இல்ல” என்றார். “தங்கச்சி காலையிலேயே போட்டோ எடுத்து அனுப்பிட்டா.”

“அப்போ இவ்வளவு நேரம்...?”

“எவ்வளவு நேரம்தான் நடிக்கிறீங்கன்னு பார்த்தேன்.”

கடைக்காரர் மேஜையில் குவிந்திருந்த பெட்டிகளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“போட்டோவுல பார்த்த வரைக்கும் எல்லாம் சரியாத்தான் வாங்கியிருக்கீங்க, மாப்ளே. எட்டு ஃபிட்டிங், செம்பு ரேடியேட்டர், எல்லாம் சரி. தண்ணியை வெளியே இறக்க வால்வு எங்கே? தண்ணி மாத்தணும்னா என்ன பண்ணுவீங்க, மெஷினைத் தலைகீழா கவுப்பீங்களா? அதுக்காகத்தான் வந்தேன். வேற ஒண்ணுக்கும் இல்ல.”

வால்வு என் கட்டைவிரல் அளவுகூட இல்லை. அதை மட்டும் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“வாங்க, வீட்டுக்குப் போய் இன்னிக்கே மாட்டிடுவோம்.”

இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு முன்னால் நடந்தார்.

வெயிலில் இறங்கிய பிறகுதான் கவனித்தேன். நீல பாட்டிலை அவர் கொண்டுவரவே இல்லை.